ஓ.எம்.ஆரிலிருந்து சட்டப்பேரவைக்கு: ஒரு முதலியார்பேட்டைக்காரருக்கு வழி இருக்கிறதா?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்து, கணினி அறிவியல் படித்து, சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தன் சொந்தத் தொகுதியில் தேர்தலில் நிற்கும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட வேண்டுமா, எவ்வளவு செலவாகும், ஜெயிக்க முடியுமா என்று மூன்று கேள்விகளை அவர் கேட்பார். இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது வேறு: அவருடைய பெயர் இப்போது எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது?

புதுச்சேரி சட்டப்பேரவைக்குப் போட்டியிட இந்தியக் குடியுரிமை வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் 30 தொகுதிகளில் ஏதாவது ஒன்றில் வாக்காளராக இருக்க வேண்டும். அந்தத் தொகுதி முதலியார்பேட்டையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காரைக்காலிலோ ஏனாமிலோ ஓட்டு இருந்தாலும் இங்கே நிற்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் பக்கத்தின் சான்றிட்ட நகலை வேட்புமனுவோடு கொடுத்தால் போதும். ஆனால் கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, ஓட்டையும் சோழிங்கநல்லூருக்கு மாற்றிக்கொண்டவர் நிற்க முடியாது. அது தமிழ்நாட்டுத் தொகுதி.

திரும்ப மாற்றிக்கொள்ளலாமே என்றால், மாற்றலாம். ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் அவருக்கு ஓட்டு என்பது சட்டம். வீடு வைத்திருப்பதால் மட்டுமே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் குடியிருப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது. வாரக் கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துபோகிறவருக்கு இந்த இரண்டாவது பாதி கைகொடுக்கும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கியவர் இன்னும் இந்தியக் குடிமகன்தான். அந்த நாட்டுக் குடியுரிமையே பெற்றுவிட்டவருக்கு இங்கே ஓட்டும் இல்லை, போட்டியும் இல்லை.

அடுத்து வேலை. தடை அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான். தனியார் கம்பெனி ஊழியர் ராஜினாமா செய்யாமலே மனு போடலாம் (கம்பெனியின் சொந்த விதி வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்). சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புதுச்சேரி அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ அரசு எடுத்த வேலையைச் செய்து முடிக்கவோ தன் தொழில் வழியாக ஒப்பந்தம் போட்டு, அது இன்னும் முடியாமல் இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு அவரைத் தகுதியற்றவர் ஆக்கிவிடலாம். அரசுத் துறைக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்யும் சிறு முதலாளிகள் மனு போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மனுவோடு டெபாசிட் 10,000 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அதுவும் அதே தொகுதி வாக்காளர்கள், கையெழுத்துப் போட வேண்டும். தன் தெருவில் தன்னை நம்பிக் கையெழுத்துப் போடப் பத்துப் பேர் இருக்கிறார்களா என்று அப்போதே தெரிந்துவிடும்.

படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரத்தில் ஐ.டி.காரருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வீட்டுக் கடன் பாக்கி, பங்குகள், வெளிநாட்டில் இருக்கும் சொத்து, கணவன் அல்லது மனைவியின் கணக்கு, சமூக வலைத்தளப் பக்கங்கள் என எல்லாவற்றையும் எழுத வேண்டும். அமெரிக்கத் தாய்க் கம்பெனி கொடுத்த பங்கை மறந்துவிட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது. எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது; ஒன்றும் இல்லை என்றால் 'இல்லை' என்றே எழுத வேண்டும்.

செலவு உச்சவரம்பைத் தேர்தல் ஆணையம் 2022 ஜனவரியில் உயர்த்தியபோது புதுச்சேரித் தொகுதிக்கு 28 லட்சம், தமிழ்நாட்டுத் தொகுதிக்கு 40 லட்சம் என்று வைத்தது. 2021 தேர்தலில் புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். 30 தொகுதிக்கு வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 33,000 பேர். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். கணக்குப் போட்டால் சட்டம் அனுமதிக்கும் செலவே இங்கே ஓட்டுக்கு 85 ரூபாய், அங்கே 15 ரூபாய்தான் வரும். சட்டம் அனுமதிக்காத செலவைப் பற்றி நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

தொகுதி இவ்வளவு சிறியதாக இருப்பதில் ஒரு நல்லதும் உண்டு: கட்சி இல்லாதவரும் ஜெயிக்கிறார். 2021இல் ஆறு சுயேச்சைகள் வென்றார்கள். ஏனாமில் கொல்லப்பள்ளி சீனிவாஸ் அசோக் என்ற இளைஞர், முதல்வர் ஆகவிருந்த என். ரங்கசாமியையே 655 ஓட்டில் தோற்கடித்தார். முதலியார்பேட்டையில் மட்டும் அந்த முறையும் கட்சிக்கும் கட்சிக்கும்தான் போட்டி. ஏற்கெனவே இருமுறை வென்றிருந்த அ.தி.மு.க.வின் ஏ. பாஸ்கரை தி.மு.க.வின் எல். சம்பத் வென்றார்.

சட்டத்தின் கதவு திறந்திருந்தும் பொறியாளர்கள் உள்ளே வருவது ஏன் அபூர்வமாக இருக்கிறது? என் பார்வையில், ஏறிப்போகும் ஏணியில் அடிப்படியே இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. கவுன்சிலராக ஐந்து வருடம் வேலை செய்து பெயர் வாங்கி, பிறகு எம்.எல்.ஏ. ஆவது என்கிற வழி ஒரு தலைமுறைக்கே அடைபட்டுவிட்டது. கவுன்சிலர் இல்லாததால் அவர் வேலையும் எம்.எல்.ஏ. தலையில்தான் விழுகிறது. வாய்க்கால் அடைப்பு, தெருவிளக்கு, சிவப்பு ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பள்ளி சீட் என்று காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். அந்த வாசலில் திங்கட்கிழமை யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஓட்டு விழுகிறது.

முதலியார்பேட்டைக்கு வேறோர் ஏணி ஒரு காலத்தில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இது தனி கொம்யூன். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் இங்கேதான் இருந்தது. புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையா பின்னாளில் சட்டப்பேரவை உறுப்பினரும் அமைச்சரும் ஆனார். மில் தொழிலாளிக்கு ஷிப்டில் பக்கத்தில் நின்றவர் தெருவிலும் பக்கத்து வீட்டுக்காரர். சங்கத்தில் கை தூக்கியவரே தேர்தலிலும் ஓட்டுப் போட்டார். ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. மென்பொருள்காரரின் டீமில் இருப்பவர்களோ ஓசூரிலும் புவனேஸ்வரிலும் ஓட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் எத்தனை நல்ல சிநேகிதர்களானாலும் முதலியார்பேட்டை பூத்தில் உட்கார வரமாட்டார்கள்.

தேர்தலில் இறங்கிய பொறியாளர்களைப் பாருங்கள். பிருத்விராஜ் சவாண் அமெரிக்காவில் பெர்க்லியில் படித்தவர், இந்திய மொழிகளில் கணினி இயங்க வேலை செய்தவர், 2010இல் மகாராஷ்டிர முதல்வர் ஆனார். அவருடைய அப்பா, அம்மா இருவருமே நாடாளுமன்ற உறுப்பினர்கள். அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுக் கர்நாடகம் திரும்பிய ரவி கிருஷ்ணா ரெட்டிக்கு அப்படி வீட்டில் அரசியல் இல்லை. பெங்களூரில் நின்று தோற்றார், 2019இல் தனிக் கட்சியே தொடங்கினார்.

தமிழ்ப் பிள்ளை ஒருவரின் அண்மைக் கதையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருடன் அமெரிக்காவில் வளர்ந்த அஸ்வின் ராமசாமி, ஸ்டான்போர்டில் கணினி அறிவியல் படித்தார். தேர்தல் அமைப்புகளைக் கணினித் தாக்குதலிலிருந்து காக்கும் அரசு முகமையில் வேலை பார்த்தார், பிறகு சட்டமும் படித்தார். 2024இல் ஜார்ஜியா மாநில செனட்டின் 48ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்காக நின்றார். அந்தச் சபைக்கு நிற்கவும் 25 வயது வேண்டும். பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ஷான் ஸ்டில்லிடம் தோற்றார். அந்தச் சபை ஆண்டுக்கு 40 நாள்தான் கூடும், உறுப்பினர்கள் சொந்தத் தொழிலை விடாமல் வந்துபோகலாம். இங்கே பகுதிநேர எம்.எல்.ஏ. என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் டெபாசிட்டை அப்போதே மறந்துவிடலாம்.

ஜெயித்தால் என்ன செய்ய முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். 30 பேரோடு மத்திய அரசு நியமிக்கும் 3 பேரும் சபையில் உட்காருவார்கள். அவர்களுக்கும் முழு ஓட்டுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லிவிட்டது. அமைச்சரவை முடிவு செய்த கோப்பு துணைநிலை ஆளுநர் மேசைக்குப் போக வேண்டும். ஒரு செயலி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வருகிறவர் இந்த இடத்தில்தான் முதலில் சோர்ந்துபோவார்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை இருந்தால், இந்த வாரமே உங்கள் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது.