ஞாயிறுதோறும் வழியனுப்பியவர்... ஒரே ஓர் அறிக்கையில் விடைபெற்றார்!

கொங்கு வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட முடியாது. 'போயிட்டு வர்றேனுங்க' என்று சொன்னால்தான் பெரியவர்கள் முகம் மலரும். 2024 ஆகஸ்ட் 6-ம் தேதி கமல்ஹாசன் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பயணத்திலிருந்து சிறிய இடைவெளி எடுத்துக்கொள்வதாகவும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சினிமா வேலைகளால் அடுத்த பிக் பாஸ் சீஸனைத் தொகுத்து வழங்க இயலவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தார்.

'இடைவெளி' என்றுதான் அவர் சொன்னார். ஆனால், பார்த்துப் பழகிய குடும்பங்களுக்கு அது விடைபெறுதலாகத்தான் கேட்டது.

ஒரு 'குறும்பட'க் காலம்

2017 ஜூன் 25. விஜய் டி.வி-யில் தமிழ் பிக் பாஸ் தொடங்கிய நாள். சென்னையை அடுத்த பூந்தமல்லி பக்கம் உள்ள ஈ.வி.பி ஃபிலிம் சிட்டியில் ஒரு வீடு, சுற்றிலும் கேமராக்கள், வெளியுலகத் தொடர்பே இல்லாத மனிதர்கள். 'அடுத்த வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?' என்று முகம் சுளித்தவர்கள் கோவையிலும் உண்டு, ஈரோட்டிலும் உண்டு. ஆனால் ஓவியா வீட்டைவிட்டு வெளியேறிய அந்த ஆகஸ்ட்டில், முகம் சுளித்தவர்களுக்கும் அவர் ஏன் போனார் என்பது தெரிந்திருந்தது.

நிகழ்ச்சி, பேச்சிலும் புகுந்தது. யாராவது சொன்ன சொல்லை மாற்றிப் பேசினால், 'குறும்படம் போடலாமா?' என்று கேட்கப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது சீஸனில் இலங்கையின் லாஸ்லியா, பல ஆண்டுகள் பிரிந்திருந்த தன் அப்பாவை அந்த வீட்டுக்குள் பார்த்தபோது, டி.வி-க்கு முன் இருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. அந்த சீஸனில் கோப்பையை வென்ற முகேன் ராவ், மலேசியத் தமிழர்.

முதல் மூன்று சீஸன்களும் ஜூனில் தொடங்கின. கொரோனாவால் 2020-ல் அது அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதன்பிறகு புரட்டாசியில் வீட்டுக்குள் போவது, பொங்கலையொட்டி கோப்பையோடு வெளியே வருவது என்று ஆகிவிட்டது.

வாரம் ஒரு விடைபெறல்

யோசித்துப் பார்த்தால், பிக் பாஸ் என்பதே வழியனுப்பும் நிகழ்ச்சிதான். வாரா வாரம் யாராவது ஒருவர் பெட்டியைக் கட்ட வேண்டும். 'ஏனுங்க, இந்த வாரம் யாருங்க வெளிய போறது?' என்ற கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு விடை கிடைக்கும். கமல் கார்டைக் காட்டுவார். உள்ளே அழுகை, கட்டிப்பிடிப்பு. வெளியே மேடையில், வந்தவரிடம் அவர் நின்று பேசி, அவருடைய நாள்களை ஒரு வீடியோவாகப் போட்டுக் காட்டி அனுப்பிவைப்பார். தோற்றவருக்கும் ஒரு மேடை கிடைத்தது.

நான்காவது சீஸனிலிருந்து வார இறுதியில் ஒரு புத்தகத்தையும் பரிந்துரைத்தார். சண்டை பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு இலக்கியம் அறிமுகமானது அப்படித்தான்.

எல்லோரும் எப்போதும் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏழாவது சீஸனில் பிரதீப் ஆண்டனி ரெட் கார்டு பெற்று வெளியேறியபோது, கமலின் தீர்ப்பையே கேள்வி கேட்டார்கள் ரசிகர்கள். நீதிபதி இருக்கையில் இருப்பவரையும் ஜனங்கள் எடைபோடத்தான் செய்வார்கள்.

கோவை போட்ட ஓட்டு

அந்த எடைபோடலை கமல் நேரடியாகச் சந்தித்த ஊர், கோவை. நான்காவது சீஸன் ஓடிக்கொண்டிருந்த 2020 டிசம்பரிலேயே மதுரையில் பிரசாரத்தைத் தொடங்கிய அவர், 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்குத் தொகுதியில் நின்றார். பிக் பாஸ் ஓட்டை கையில் போன் இருக்கும் யாரும் எங்கிருந்தும் போடலாம். இங்கே, வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டும். மே 2-ம் தேதி எண்ணி முடித்தபோது, பா.ஜ.க-வின் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்குகளில் தோற்றிருந்தார் கமல்.

வாரந்தோறும் மக்கள் தீர்ப்பை அறிவித்தவருக்கு, மக்கள் கொடுத்த தீர்ப்பு அது. ஐந்தே மாதங்களில், அக்டோபர் 3-ம் தேதி, ஐந்தாவது சீஸனுக்காக மறுபடி மேடையேறினார். அன்றைக்கு டி.வி-க்கு முன் உட்கார்ந்திருந்த கோவைக்காரர்களில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள், போடாதவர்களும் இருந்திருப்பார்கள். சோபா ஒன்றுதான்!

நாற்காலி காலியாக இருப்பதில்லை

இந்த நிகழ்ச்சியின் தாய்வீடு நெதர்லாந்து. 1999-ல் அங்கே 'பிக் பிரதர்' என்ற பெயரில் பிறந்தது. இங்கிலாந்தில் 2010-ல் ஒரு சேனல் அதற்கு முழுக்குப் போட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு சேனல் எடுத்துக்கொண்டது. 2018-ல் அதுவும் நிறுத்தியது. 2023-ல் மூன்றாவதாக ஒரு சேனல் திரும்பக் கொண்டுவந்தது. 'போயிட்டு வர்றேனுங்க' அங்கேயும் பலித்திருக்கிறது.

தமிழிலும் நிகழ்ச்சி நிற்கவில்லை. கமலுக்கு கொரோனா வந்த 2021-ல் ஒரு வார இறுதியை ரம்யா கிருஷ்ணன் பார்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 'பிக் பாஸ் அல்டிமேட்'டிலிருந்து அவர் பாதியில் கிளம்பியபோது சிம்பு வந்தார். 2024 அக்டோபர் 6-ம் தேதி தொடங்கிய எட்டாவது சீஸனை விஜய் சேதுபதி ஏற்றார். அவருடைய பேச்சு வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. புதிய ரசிகர்கள் சேர்ந்தார்கள். முத்துக்குமரன் கோப்பையை வென்றார். 2025 அக்டோபரில் ஒன்பதாவது சீஸனும் அவர் கையிலேயே தொடங்கியது.

ஆக, விடைபெற்றது நிகழ்ச்சி அல்ல. பல வீடுகளில் விடைபெற்றது, சனி, ஞாயிறு இரவுகளில் எல்லோரும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்த அந்தப் பழக்கம். 24 மணி நேர ஒளிபரப்பு போனுக்குள் வந்த பிறகு, பேரன் ஒரு மூலையில் பார்க்கிறான், மருமகள் வேலை முடித்து நள்ளிரவில் பார்க்கிறார். தட்டில் அரிசிம்பருப்புச் சாதத்தோடு, 'அவன் செஞ்சது தப்புதானுங்க' என்று மாமனாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்று வாதாட இப்போது வாய்ப்பு குறைவு.

அதற்கு எந்த நடிகரும் திரும்பி வர வேண்டியதில்லை. வரும் ஞாயிறு போனை ஓரமாக வைத்துவிட்டு, 'அம்மிச்சி, இங்க வாங்க, சேர்ந்து பார்க்கலாம்' என்று யாராவது ஒருவர் கூப்பிட்டால் போதும்!