சில நாள் எழும், சில நாள் எழாது!

உங்கள் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டருக்கு எட்டு, பத்து வயசு ஆகிவிட்டதா? அப்படியானால் இந்த அனுபவம் உங்களுக்குப் புதிதாக இராது. பையனின் பரீட்சை ஹால் டிக்கெட்டை எடுக்கலாம் என்று காலையில் அதன் எதிரில் உட்காருகிறீர்கள். பொத்தானை அழுத்துகிறீர்கள். ஊஹூம்! மறுபடியும் அழுத்துகிறீர்கள். அதற்கும் மௌனம். "போச்சு, இதன் ஆயுசு முடிந்தது" என்று காபி கலக்கப் போகிறீர்கள். திரும்பி வந்து, போகிற போக்கில் ஓர் அழுத்து அழுத்தினால், சமர்த்தாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது! ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாலோ, அவர் எதிரில் பத்துத் தடவையும் ஒழுங்காக வேலை செய்யும். டாக்டர் வாசலை மிதித்ததும் குழந்தையின் ஜுரம் இறங்கிவிடுகிறதே, அந்தக் கதைதான்.

எதிர் வீட்டு மாமி இந்த உபத்திரவத்தை மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தாள். கடைக்காரர் ஒருவர், யந்திரத்தைக் கண்ணால்கூடப் பாராமல், "மதர்போர்டே போய்விட்டது, புதிசு வாங்கிவிடுங்கள்" என்று டெலிபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமிக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. மாமனார், மாமியாரின் சதாபிஷேகப் படங்களும், காலஞ்சென்ற அந்த மாமியார் தம் வாயால் பாடிய நலங்குப் பாட்டுகளும் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

ஆகவே முதல் காரியம் என்ன தெரியுமா? யந்திரம் என்றைக்கு நல்லபடியாக எழுகிறதோ, அன்றைக்கே படங்களையும் தஸ்தாவேஜுகளையும் ஒரு பென் டிரைவிலோ தனி ஹார்டு டிஸ்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். வைத்தியம் பிறகு. உள்ளேயிருந்து ஹார்டு டிஸ்க் "டக், டக்" என்று சத்தம் போடுமானால் இன்னும் அவசரம்.

அடுத்தபடி, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு அழுத்தினீர்கள், விளக்கு எரிந்ததா, விசிறி சுற்றியதா, "பீப்" என்று கூவிற்றா, திரையில் எழுத்து ஏதாவது வந்ததா, முந்தின இரவு சுவர் ஸ்விட்சை அணைத்திருந்தீர்களா என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். மாமியும் எழுதினாள். அதைப் பிறகு சொல்கிறேன். இடையில், எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பாமல் சுவர்ப் பிளக்கிலேயே நேராகச் சொருகியும் பாருங்கள். ஒரு தளர்ந்த பிளக்குக்காகக் கம்ப்யூட்டரைப் பழி சொன்ன வீடுகள் உண்டு!

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. ஆனால் நாலைந்து தடவை அழுத்தினால், அல்லது சற்று நேரம் மின்சாரம் ஓடிய பிறகு எழுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். என்னும் தகரப் பெட்டியை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது அதன் உத்தியோகம். அதற்குள் உருளை உருளையாகக் கண்டென்சர்கள் இருக்கின்றன. மின்விசிறிக்குப் போடுகிறார்களே, அந்தக் கண்டென்சருக்கு இவை தாயாதிகள். உள்ளிருக்கும் திரவம் வருஷக் கணக்காகச் சூட்டிலேயே கிடந்து காய்ந்து போகிறது. காய்ந்த கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது சண்டித்தனம் செய்யும். கொஞ்சம் சூடேறினால் இணங்கி வரும். காபிக்குப் பிறகு எழுந்ததன் ரகசியம் அதுவாக இருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதை நீங்கள் திறந்து பார்க்காதீர்கள், அம்மா! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கக் கூடும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு, கூடவே "பீப்" ஒலி என்றால் பெரும்பாலும் ரேம். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தன் அங்கங்களைத் தானே சோதித்துக்கொள்கிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். யந்திரத்திலிருந்தே இந்த வழக்கம். திரை வராதபோது வேறு எப்படித்தான் குறையைச் சொல்லும்? கூவுகிறது. பிளக்கைப் பிடுங்கி, பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, இரும்புக் கூட்டை ஒரு முறை தொட்டுவிட்டு, ரேம் பலகையைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, இரு பக்கமும் "டக்"கென்று விழும்வரை சொருகுங்கள். பல வீடுகளில் இதோடு வியாதி தீர்ந்துவிடுகிறது.

மாமியின் நோட்டுக்கு வருவோம். எழாத நாட்களிலும் விசிறி நன்றாகவே சுற்றியிருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்து, அப்படியே நின்றிருக்கிறது. பையன் எதையோ தட்டி எழுப்பினால், கடிகாரம் பத்து வருஷத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதியைக் காட்டியிருக்கிறது. பாங்கிக் கணக்கைத் திறக்கப் போனால், தேதி தப்பு என்று உள்ளே விட மறுத்திருக்கிறது. அத்தனையும் முந்தின இரவு மாமா சுவர் ஸ்விட்சை அணைத்த நாட்கள்! மின்சாரச் சிக்கனத்தில் மாமா ஒரு புலி.

மதர்போர்டின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டப் பாட்டரி ஒன்று இருக்கிறது. சி.ஆர்.2032 என்று அதற்குப் பெயர், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத வேளையில் தேதி, மணி, எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் போன்ற குறிப்புகளைக் காப்பது அதன் வேலை. சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மெல்லிய மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால் பாட்டரிக்கு ஓய்வு. ஸ்விட்சை அணைத்தால் பாரம் முழுவதும் அதன் தலையில். செத்த பாட்டரி என்ன செய்யும், பாவம்!

புதுப் பாட்டரி இரண்டு முழம் மல்லிகைப் பூவின் விலைக்குத்தான் வந்தது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தி, தேதியை ஒரு முறை சரி செய்தார்கள். கம்ப்யூட்டர் அதன் பிறகு ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை.

மாமா இப்போதும் ராத்திரி ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். மாமி ஒன்றும் சொல்வதில்லை. மாமியாரின் நலங்குப் பாட்டு இப்போது மூன்று பென் டிரைவுகளில் இருக்கிறது. ஒன்று பீரோவில், புடவைகளுக்கு அடியில்.