ஸ்பீக்கருக்கு முறைமாமன் பேர் தெரியுமா? ராமநாதபுரம் சீமையில் முளைப்பாரிக் கும்மி!

ராமநாதபுரம் சீமையில் அம்மன் கோவிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பொழுது சாய்ந்ததும் பெண்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. உலையை இறக்கினார்களோ இல்லையோ, கால் தானாக முளைக்கொட்டுத் திண்ணைக்குப் போய்விடும். அங்கேதான் முளைப்பாரிக் கும்மி!

பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்தில் ஆடி முதல் புரட்டாசி வரை இந்தத் திருவிழா ஊர் மாற்றி ஊர் நடக்கும். முதல் வேலை 'முத்துப் பரப்புவது'. முத்து என்றால் மன்னார் வளைகுடா முத்து அல்ல, நவதானிய விதை!

மண் சட்டியில் வைக்கோல், காய்ந்த சாணத்தூள் போட்டு, அதன் மேல் மொச்சை, தட்டை, பாசிப்பயறு, கம்பு, சோளம் தூவி, வெயில் படாத அறையில் வைப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் முளை பச்சை பிடிக்காது. வெளிர் மஞ்சளாக மளமளவென்று உயரும்.

யாரும் தப்ப முடியாது

முளை வளரும் நாளெல்லாம் ராத்திரி கும்மிதான். ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் வட்டமாகச் சுற்றிக் கைதட்டி வாங்கிப் பாடுவார்கள். மழை கேட்டு மாரியம்மாளைக் கெஞ்சுவார்கள்; அதே மூச்சில் முறைமாமனை வாரிவிடுவார்கள். மாமியார், நாத்தனார் யாரும் தப்ப முடியாது. பகலில் சொன்னால் வம்பு, கும்மியில் சொன்னால் சிரிப்பு!

ஆம்பிளைகள் சும்மா இருப்பார்களா? கைக்குட்டை வீசி, சலங்கை கட்டி ஒயிலாட்டம்.

சட்டிக்குள் விதைச் சோதனை

வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி மழையை நம்பி, அதற்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். விதை பழுது என்றால் வருஷமே போச்சு! எந்த வீட்டு விதை தேறும், எது தேறாது என்பதை விதைப்புக்கு முன்பே சட்டி காட்டிக் கொடுத்துவிடும். 'முளை எப்படி?' என்று பெண்கள் விசாரிப்பது சாமி காரியம் மட்டுமல்ல, சாப்பாட்டுக் காரியமும்தான்.

பழைய கிரேக்க நாட்டிலும் அடோனிஸ் விழாவுக்குப் பெண்கள் சட்டியில் முளை வளர்த்தார்கள். ஆனால் மொட்டை மாடி வெயிலில் வைத்து, வாடியதும் கடலில் போட்டார்கள். நம்ம ஊரில் முளை வாடினால் அபசகுனம்!

இப்போது கும்மிக்குப் போட்டி ஒலிபெருக்கி. சினிமாப் பாட்டு அலறினால் வாய்ப்பாட்டு எடுபடுமா? ஸ்பீக்கருக்கு முறைமாமன் பேர்தான் தெரியுமா? கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த பத்ரப்பனுக்கு 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ கிடைத்தது. முளைக்கொட்டுத் திண்ணையில் வாத்தியாரும் இல்லை, வகுப்பும் இல்லை. பாட்டி பாட, பேத்தி வாங்கிப் பாட வேண்டியதுதான். பேத்தி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு பாட்டியோடு போச்சு.

கடைசி நாள் குலவைச் சத்தம் காதைப் பிளக்கும். பாரியைத் தலையில் சுமந்து ஊரணிக்கோ கண்மாய்க்கோ போவார்கள். கடலோர ஊர்களில் கடலுக்கு. முளையைத் தண்ணீரில் விட்டு வெறுங்கையோடு திரும்பும்போது எல்லார் கண்ணும் வானத்தின் மேல்தான். மேகம் கூடினால் போதாது, அதற்குள் புழுதி உழவும் முடிந்திருக்க வேண்டுமே!