ஒருபுறம் இழுக்கும் வண்டி

நுகத்தில் பூட்டப்பெற்ற காளைகள் இரண்டும் ஒத்த வலிமையோடு ஒத்து நடக்குமாயின், வண்டி நேரே செல்லும். ஒன்று தளர்ந்து பின்தங்குமாயின், வண்டி அத்தளர்ந்த காளையின் பக்கமாகத் திரும்பும். வண்டிக்காரன் கயிற்றை எத்துணை இழுத்துப் பிடிப்பினும், காளையின் தளர்ச்சி தீரும் வரை அக்குறை நீங்காது. மோட்டார் வண்டிக்குக் காளைகள் இல்லை. ஆயினும் இவ்வியல்பு அதற்கும் பொருந்தும். இடப்புறத்துச் சக்கரங்களும் வலப்புறத்துச் சக்கரங்களும் ஒத்து உருண்டாலன்றி அவ்வண்டி நேர்வழியில் செல்லாது.

நேரான சாலையில் ஸ்டீரிங் சக்கரத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும்போது, கார் தானாகவே ஒருபுறம் ஒதுங்கிச் செல்வதை ‘வண்டி இழுக்கிறது’ என்று ஓட்டுநர்கள் கூறுவர். இது மிகச் சிறிய குறை எனப் பலர் எண்ணுவர். ஓட்டுநரின் கை, அவர் அறியாமலே ஸ்டீரிங்கை எதிர்ப்புறம் சற்றுத் திருப்பிப் பிடிக்கப் பழகிவிடும். பழகிய பின்னர்க் குறை இருப்பதே அவர் நினைவுக்கு வாராது. இடர் அங்கேதான் உள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அவ்வேகத்தில் திடீரெனப் பிரேக்கை மிதிக்க நேர்ந்தால், மறைந்திருந்த குறை பெருகி, வண்டியை எதிரே வரும் வண்டியின் மீதோ சாலையோரத்து மரத்தின் மீதோ கொண்டு செலுத்தலாம். ஆகவே, இழுப்பு என்பது வண்டி முன்னதாகவே விடுக்கும் எச்சரிக்கை ஆகும்.

ஜெர்மனி நாட்டைச் சார்ந்த கார்ல் பென்ஸ் 1886 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. அவற்றுள் முன்னே இருந்தது ஒன்றுதான். நான்கு சக்கர வண்டியிலோ முன்சக்கரங்கள் இரண்டையும் இசைவாகத் திருப்புதல் வேண்டும். அதற்குரிய திருப்பு அமைப்பிற்குப் பென்ஸ் 1893 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இசைய வேண்டியவை இரண்டு ஆகும்போது, இசையாமைக்கும் இடம் உண்டாகிறது. அவ்விசையாமை எங்குள்ளது என்பதைக் கண்டறியும் முறையை இனிக் காண்போம்.

இழுப்பு உண்டானவுடன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுதல் அறிவுடைமை ஆகாது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ நெறி. வண்டியின் நோய்க்கும் அந்நெறியே ஏற்றது. முதற்கண் கேட்க வேண்டிய வினா, ‘எப்பொழுது இழுக்கிறது?’ என்பதாகும். எப்பொழுதும் இழுக்கிறதா? பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா? வேகத்தைக் கூட்டும்போது மட்டும் இழுக்கிறதா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடை, தேட வேண்டிய இடத்தைப் பெரிதும் சுருக்கிவிடும். அதன் பின், எளிதில் காணத்தக்க காரணங்களை முதலிலும், அரிதில் காணத்தக்கவற்றைப் பின்னரும் ஆராய்தல் வேண்டும்.

முதலில் ஐயுற வேண்டியது வண்டியை அன்று, சாலையையே. மழைநீர் தேங்காமல் வடிந்தோடும் பொருட்டு, சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்தி அமைப்பது வழக்கம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலின், அவை இடப்பக்கம் சிறிதளவு ஒதுங்குதல் இயற்கையே. சரிவு இல்லாததும் ஆள் நடமாட்டம் அற்றதுமான அகன்ற இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கு இழுப்பு நீங்கினால் குறை சாலையினுடையது, நீங்காவிடின் வண்டியினுடையது.

அடுத்து நோக்க வேண்டியது டயரில் உள்ள காற்று. காற்றுக் குறைந்த டயர் தரையில் அமுங்கி உருளும். உருளுந்தோறும் அதன் பக்கங்கள் மிகுதியாக வளைந்து நிமிரும். அதனால் அது தளர்ந்த காளையைப் போலப் பின்தங்கும். வண்டி அப்பக்கமே இழுக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய காற்றழுத்தம், ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்திலோ வண்டியின் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றிற்கு அது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 35 பவுண்டு வரை இருக்கும். ஓடிய டயர் சூடேறி, உள்ளதினும் மிகுந்த அழுத்தத்தைக் காட்டும். ஆதலின், வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் நன்று.

காற்றுச் சரியாக இருந்தும் டயரின் அமைப்பே குறைக்குக் காரணம் ஆதல் உண்டு. வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் ஒன்றைத் தரையில் உருட்டிப் பாருங்கள். அது நேரே செல்லாது. குறுகிய அடியின் பக்கமாக வளைந்து உருளும். ஒரு விளிம்பு பெருத்தும் மறு விளிம்பு சிறுத்தும் அமைந்த டயரும் அவ்வாறே உருள முயலும். இதனை அறியும் வழி எளிது. முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டுதல் வேண்டும். முன்பு இடப்புறம் இழுத்த வண்டி இப்பொழுது வலப்புறம் இழுத்தால், குறை டயரில் உள்ளது என்பது தெளிவு. இழுப்பு மாறாவிடின், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உடைய டயர்களை மட்டும் இவ்வாறு பக்கம் மாற்றலாகாது. அவற்றை அதே பக்கத்துப் பின்சக்கரத்தோடு மாற்றிப் பார்க்கலாம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வண்டி இழுக்குமாயின், முதலில் பிரேக்கையே ஆராய வேண்டும். பிரேக்கு வலுவாகப் பற்றும் பக்கத்திற்கே வண்டி திரும்பும். ஆகவே, வலப்புறம் இழுக்கும் வண்டியில் பழுது இடப்புறத்துப் பிரேக்கில் இருத்தலும் கூடும். அங்கு எண்ணெய் படிந்தோ, உறுப்பு இறுகியோ, பிடி குறைந்திருக்கலாம். இனி, காலை எடுத்த பின்னும் ஒரு பிரேக்கு விடாது பற்றிக்கொண்டிருத்தலும் உண்டு. அப்பொழுது வண்டி அப்பக்கம் இடையறாது இழுக்கும். சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தியபின், அச்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு சென்றால், மற்றவற்றினும் மிகுந்த வெப்பம் தோன்றும். அதனைத் தொடலாகாது, தொட்டால் கை சுட்டுவிடும். பிரேக்கில் குறை கண்டபின், அவ்வண்டியை மேலும் ஓட்டாது, தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பழுது பார்ப்பதே கடமை.

வேகத்தைக் கூட்டும்போது மட்டும் இழுப்பு தோன்றுவதும் உண்டு. முன்சக்கரங்களால் இயங்கும் கார்கள் சிலவற்றில், இயந்திரத்தின் ஆற்றலை அச்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் தண்டுகள் இரண்டும் நீளத்தில் வேறுபட்டிருக்கும். அதனால் சிறிதளவு இழுப்பு உண்டாதல் அக்கார்களின் இயல்பு. அது புதிதாகத் தோன்றினாலோ நாளுக்கு நாள் மிகுந்தாலோ, இணைப்புகளில் தளர்ச்சி உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

மேற்கூறியவை யாவும் செவ்வையாக இருந்தும் இழுப்பு நீங்காவிடின், சக்கரங்கள் நிற்கும் நிலையை ஆராய வேண்டும். சிறுவர்கள் பழைய சைக்கிள் டயரைக் கோலால் தட்டி உருட்டி விளையாடுவதைக் கண்டிருப்பீர்கள். அஃது எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே திரும்பும். காரின் முன்சக்கரமும், மேற்பகுதி வெளியே சாய்ந்து நின்றால், வெளிப்புறமாகவே செல்ல முயலும். இருபுறச் சாய்வும் ஒத்திருந்தால், ஒன்றன் முயற்சியை மற்றொன்று தடுத்துவிடும். ஒவ்வாவிடின், மிகுதியாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கம் வண்டி இழுக்கும். இச்சாய்வினைக் கேம்பர் என்பர். இனி, சைக்கிளின் முன்கவை மேலே பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போலவே, காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இது கேஸ்டர் எனப்படும். சக்கரம் நேர்நிலைக்கு மீள்வதற்குத் துணைசெய்வது இச்சாய்வே. இது குறைந்துள்ள பக்கம் வண்டி இழுக்கும். பின்சக்கரங்கள் கோணி நின்றாலும், ஸ்டீரிங்கைக் கோணலாகப் பிடித்தாலன்றி வண்டி நேரே செல்லாது.

பள்ளத்தில் வேகமாக இறங்குதல், சாலையோரக் கல்லில் மோதுதல், சுருள்வில் ஒடிதல், இணைப்புகள் தேய்தல் ஆகியவற்றால் இந்நிலைகள் பிறழ்கின்றன. இவற்றைக் கண்ணால் மதிப்பிட இயலாது. பட்டறையில் உள்ள கருவிகளைக் கொண்டே அளந்து திருத்துதல் வேண்டும். இப்பணியை அலைன்மெண்ட் என்பர். தேய்ந்த உறுப்பை மாற்றாது நிலையை மட்டும் திருத்தினால், இழுப்பு விரைவில் மீண்டும் தோன்றும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. காற்றை நிரப்பி, டயரை மாற்றி, சக்கர நிலையையும் ஒருங்கே திருத்தியபின் இழுப்பு நீங்கினால், எது நோய், எது மருந்து என்பது விளங்காமலே போகும். அடுத்த முறை குறை தோன்றும்போது அனைத்தையும் மீண்டும் தொடங்க நேரும். கையின் பழக்கத்தால் குறையை மறைத்து ஓட்டுபவர் வண்டியை நேராக்கியவர் ஆகார். இடரை உடன் ஏற்றிச் செல்பவரே ஆவார். காரணம் அறிந்து குறையைக் களைந்தவரின் கையோ ஸ்டீரிங்கின் மீது தளர்வாக அமைந்திருக்கும். அவர் வண்டி நேர்வழியில் செல்லும்.