மொசாம்பிக்குக்கு ஒரு பெட்டி

கடந்த மே மாதத்தில் ஒரு மாலை. நமது பங்கைச் சேர்ந்த அச்சங்குளத்திலிருந்து, செவிலியர் பயிற்சி முடித்த பெண்ணொருத்தி தன் தாயாரோடு பங்கு இல்லத்திற்கு வந்தாள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள மொசாம்பிக் நாட்டில், மறைபரப்பு மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு ஊதியமின்றிப் பணிபுரியப் புறப்படுபவள். "சாமி, விமானத்தில் 23 கிலோதான் அனுமதியாம். எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது?" என்று கேட்டாள்.

1541 ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பலேறிய புனித சவேரியாருக்கும் இதே வினா எழுந்தது. வேண்டுவன எல்லாம் தருகிறோம், பணியாள் ஒருவனையும் வைத்துக்கொள்ளும் என்று அரச அதிகாரிகள் வற்புறுத்தினர். அவர் ஏற்றவை சில நூல்களும், நன்னம்பிக்கை முனையின் குளிருக்கென ஒரு தடித்த ஆடையுமே. வழியில், காற்றுப் பருவத்துக்காக ஏறத்தாழ ஆறு மாதம் அதே மொசாம்பிக்கில் தங்க நேர்ந்தது. அங்கே நோயுற்ற பயணிகளுக்குப் பணிவிடை செய்தார். தாமும் நோயில் விழுந்தார். 1542 மே 6இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அந்தத் தடித்த ஆடை இன்றும் நல்ல அறிவுரையே. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணுகிறோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ். நமது ஆனியும் ஆடியும் அங்கே குளிர்காலம். உள்நாட்டு மேட்டு நிலங்களில் இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். அடுத்தது, மருந்தூட்டிய கொசுவலை. அங்கே ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொற்படி புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் குறித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, கைவிளக்கு ஆகியவற்றோடு ஒரு போர்த்துக்கீச அகராதியும் தேவை. அங்கே ஆட்சிமொழி அதுவே.

நம் வட்டாரத்தாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அன்பளிப்பாக மத்தாப்போ தீப்பெட்டிக் கட்டோ பெட்டியில் வைத்தல் ஆகாது. விமான விதிகள் தடுக்கின்றன. பட்டாசு ஆலைக்குச் சென்றுவந்த பையை இரவல் வாங்கவும் வேண்டாம். வெடிமருந்துத் துகளைக் கண்டறியும் கருவிகள் விமான நிலையங்களில் உள்ளன. சிவகாசியில் அச்சான நாட்காட்டி போதும். எடையும் குறைவு, ஓராண்டு சுவரில் நம்மை நினைவூட்டும்.

இனி வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் மீந்த மருந்துகளை அவளிடம் கொடுத்தனுப்பலாம் என்று ஞாயிறு திருப்பலியில் நாமே அறிவித்துவிட்டோம். இரண்டு சாக்கு நிறைந்தது. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வூர் மறக்கவில்லை. அந்நாளில் தீக்காயமுற்ற தன் மகனுக்குப் பூசிய களிம்பின் மீதியை ஒரு தாய் கொண்டுவந்திருந்தார்.

செவிலிப் பெண் உறைகளைத் திருப்பிப் பார்த்துத் தயங்கினாள். பாதிக்கு மேல் காலாவதியானவை. உலக சுகாதார நிறுவனம் 1996லேயே நெறிமுறை வகுத்துள்ளது: ஒருவருக்கு வழங்கி மீந்த மருந்தைக் கொடையாக அனுப்பலாகாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் கெடுவேனும் எஞ்சியிருக்க வேண்டும், பெறுவோர்க்குத் தேவையானதையே அனுப்ப வேண்டும். மறு ஞாயிறு பீடத்தருகே நின்று நமது தவற்றை ஒப்புக்கொண்டோம். அத்தாயின் வீட்டுக்கு நேரில் சென்றோம்.

"அப்படியானால் என்னால் ஆவது ஒன்றுமில்லையா, சாமி?" என்றார் அவர். நமக்கு விடை தெரியவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தோம். என்ன தேவை என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டோம். மருந்து வேண்டாம் என்று பதில் வந்தது. அடுப்புத் தீயில் வெந்த குழந்தைகள் வருகிறார்கள்; மெல்லிய பருத்திச் சட்டைகள் இருந்தால் உதவும் என்றார்கள்.

அத்தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. புண்ணில் உரசாதபடி, தலைவழி மாட்டாமல் பக்கத்தில் நாடாவால் முடியும் சட்டைகள் ஆறு தைத்தார். மகனுக்கு அப்படித்தான் தைத்தாராம். ஆறும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. பெட்டியில் கடைசியாக வைத்தவை அவையே.

அன்பர்களே, பிறர்க்கெனப் பெட்டி கட்டுமுன், அவர்களைக் கேட்டுவிட்டுக் கட்டுவோம்.