எழுதத் தெரியும், கட்டத் தெரியுமா?

புரோகிராம் எழுதும் மாணவனை சாஃப்ட்வேர் கட்டும் எஞ்சினியராக மாற்ற ஒரு செமஸ்டர் போதுமா? தில்லிப் பேராசிரியர் ஒருவரின் பாடப் புத்தகங்கள் தேடும் விடை.

2025 நவம்பர் 7, தில்லி இந்திரா காந்தி விமான நிலையம். புயல் இல்லை. வேலைநிறுத்தம் இல்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பவில்லை. விமானங்களின் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுசேர்க்கும் தானியங்கிச் செய்தி அமைப்பில் கோளாறு. கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை அதிகாரிகள் கையால் செய்ய வேண்டியதாயிற்று.

இப்படி ஏதாவது நேரும்போதெல்லாம் பயணிகள் கேட்பது ஒரே கேள்விதான்: இதையெல்லாம் செய்தவர்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதா? தெரியும். ஆனால் புரோகிராம் எழுதுவது வேறு. பல பேர் சேர்ந்து, பல வருடங்கள் ஓட வேண்டிய, நின்றுவிட்டால் ஊரே ஸ்தம்பிக்கிற ஓர் அமைப்பைக் கட்டுவது வேறு. இந்த இரண்டாவது வித்தையைச் சொல்லித்தருவதற்காகவே பொறியியல் கல்லூரிகளில் ஒரு பாடம் இருக்கிறது. பெயர் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங். பெரும்பாலும் ஒரே ஒரு செமஸ்டர்.

மாணவர்கள் பலருக்கு அது தூக்கம் வரவழைக்கும் பாடம். ஆசிரியர்களுக்கோ கற்பிக்க மிகக் கடினமான பாடம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தலைவலியே வராதவனிடம் தைலம் விற்கிற வேலை இது.

மும்மூன்று ஒன்பது

மாணவன் அதுவரை எழுதியவை நூறு, இருநூறு வரிப் புரோகிராம்கள். கேள்வியை ஆசிரியரே தெளிவாகக் கொடுத்துவிடுவார். எழுதியவனே அதை ஓட்டிப் பார்ப்பான். மதிப்பெண் வந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும். நிஜ உலகில் இந்த மூன்றுமே தலைகீழ். கேள்வி தெளிவாக இருக்காது. ஓட்டுபவர் வேறு யாரோ. வேலை முடிந்த பிறகுதான் ஆயுளே தொடங்கும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் 1960களில் ஒரு மாபெரும் சாஃப்ட்வேர் திட்டத்தை நடத்தி அடிபட்ட ஃபிரெட் புரூக்ஸ், 1975-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் தனக்காக எழுதும் புரோகிராமை மற்றவர்களும் நம்பிப் பயன்படுத்தும் சரக்காக மாற்ற மூன்று மடங்கு உழைப்பு வேண்டும். அதையே ஒரு பெரிய அமைப்பின் உறுப்பாக்க இன்னொரு மூன்று மடங்கு. ஆக ஒன்பது மடங்கு. கல்லூரியில் மாணவன் கற்பது ஒரு பங்கு. கற்காத எட்டுப் பங்குதான் இந்தப் பாடம்.

பாடமும் பழையதல்ல. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டில்தான் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் என்ற பெயர் பரவலாயிற்று. திட்டங்கள் தாமதமாகின்றன, செலவு எகிறுகிறது, தவறுகள் தீருவதில்லை என்ற புலம்பலின் நடுவே பிறந்த பெயர் அது. பாலம் கட்டுபவருக்கு இருக்கும் ஒழுங்கு இதற்கும் வராதா என்ற ஏக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கான்பூரிலிருந்து ஓக்லாவுக்கு

இந்தியாவில் கம்ப்யூட்டர் கல்வியின் வேர் கான்பூர் ஐ.ஐ.டி.யில். 1963-ல் அங்கே ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்திறங்கியது. அங்கே கம்ப்யூட்டர் படிப்புகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு தில்லித் தமிழர். ஈரோட்டில் 1933-ல் பிறந்து, தில்லியில் பள்ளிப் படிப்பையும் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் இயற்பியலையும் முடித்த பேராசிரியர் வி. ராஜாராமன். எம்.சி.ஏ. படிப்பு உருவாகக் காரணமான குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. மாணவன் வாங்கக்கூடிய விலையில் அவர் எழுதிய பாடப் புத்தகங்களில் கம்ப்யூட்டர் கற்ற தலைமுறைகள் உண்டு. 2025 நவம்பரில் அவர் மறைந்தார்.

அதே கான்பூரில் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1989-ல் அங்கேயே ஆசிரியராகத் திரும்பியவர் பங்கஜ் ஜலோட். சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பற்றிய அவரது முதல் பாடப் புத்தகம் 1991-ல் வெளிவந்தது. புத்தகத்தின் சூட்சுமம் அதன் உதாரணத்தில் இருக்கிறது. அத்தியாயத்துக்கு ஓர் உதாரணம் என்று தாவாமல், ஒரே திட்டத்தைத் தேவைப் பட்டியலிலிருந்து வடிவமைப்பு, சோதனை வரை கூடவே நடத்திச் செல்கிறார். எடுத்துக்கொண்ட திட்டமும் எளிமையானது: ஒரு கல்லூரித் துறைக்கு வகுப்புக் கால அட்டவணை போடுவது.

எந்த அறையில் எத்தனை பேர் உட்கார முடியும்? எந்த ஆசிரியருக்கு எந்த நேரம் வசதி? இரண்டு பேர் ஒரே அறையை ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு? விமானத்தையோ வங்கியையோ பார்த்தறியாத மாணவனுக்கும் இந்தத் தலைவலி தெரியும். காலை எட்டு மணி வகுப்புக்கு ஓடிவந்து, அறை மாறிவிட்டது என்று தெரிந்து திரும்பியவன்தானே அவன்? தைலம் விற்பதற்கு முன் தலைவலியை நினைவூட்டிவிடுகிறது புத்தகம்.

1996 முதல் 1998 வரை ஜலோட் பெங்களூரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் தரப் பிரிவைக் கவனித்தார். பிறகு தில்லி ஐ.ஐ.டி. 2008-ல் தில்லி அரசு தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.க்கு முதல் இயக்குநர். துவாரகாவில் இரவல் இடத்தில் ஆரம்பித்த அந்த நிறுவனம் 2012-ல் ஓக்லாவில் சொந்த வளாகத்துக்குக் குடியேறியது. அதே 2008-ல் அவர் எழுதிய இரண்டாவது பாடப் புத்தகம் முன்னதைவிட மெலிந்தது. முதல் பாடத்திலேயே எல்லாவற்றையும் திணிக்கிறோம், அதனால் எதுவும் ஆழமாகப் பதிவதில்லை என்பது அவரது கட்சி. சிறு குழு, சில மாதங்கள், ஒரு நிஜத் திட்டம். அதை ஒழுங்காக முடிக்கத் தேவையானதை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்கிறார். தொழில்துறையில் நடக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான் என்பது அவர் காட்டும் நியாயம்.

பதினாறு மதிப்பெண் அருவி

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. பல கல்லூரிகளில் இது மனப்பாடப் பாடம். தேவை, வடிவமைப்பு, எழுத்து, சோதனை, பராமரிப்பு என்று படிப்படியாக இறங்கும் அருவிப் படத்தை வரைந்து விளக்கினால் பதினாறு மதிப்பெண். 1970-ல் அந்தப் படத்தைத் தன் கட்டுரையில் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், இப்படி ஒரே இறக்கமாக இறங்குவது ஆபத்து என்று கூடவே எச்சரித்திருந்தார். படம் பாடத்திட்டத்துக்குள் வந்தது. எச்சரிக்கை வெளியே நின்றுவிட்டது.

புராஜெக்ட் என்ற பெயரில் நடப்பதும் அப்படித்தான். நூலக நிர்வாகம், ரயில் முன்பதிவு என்று காலங்காலமாக அதே தலைப்புகள். நான்கு பேர் குழுவில் ஒருவன் எழுதுவான், மூவர் கையெழுத்திடுவார்கள். முடித்த புராஜெக்ட்டை விலைக்கு விற்கும் கடைகளும் நகரங்களில் உண்டு.

ஆனால் தலைப்பின் மேல் குற்றமில்லை. ரயில் முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுவில் சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு முதலில் வந்தது தில்லியில்தான். இன்று அதைப் பராமரிக்கும் ரயில்வே தகவல் மையமான கிரிஸ் இருப்பதும் தில்லி சாணக்கியபுரியில். மாணவன் செய்யும் முன்பதிவில் 72 படுக்கைகள், காலியாக இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல். அவ்வளவுதான்.

நிஜ தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லியிலிருந்து நாகபுரி வரை ஒருவர் படுத்த படுக்கையை, நாகபுரியிலிருந்து சென்னை வரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆர்.ஏ.சி.யில் இரண்டு பேர் ஓரப் படுக்கையைப் பங்குபோட்டு உட்கார வேண்டும். முதியவருக்குக் கீழ்ப்படுக்கை தர வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வகைப் பெட்டி கோக்கப்பட்டால் எல்லோரையும் மறுபடி இடம்மாற்றி உட்காரவைக்க வேண்டும். 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்றிருந்த விதி 2024 நவம்பர் முதல் 60 நாட்களாயிற்று. விதி மாறும், சாஃப்ட்வேரும் மாறியாக வேண்டும், அதுவும் கவுன்ட்டரை மூடாமல்.

இந்தச் சிக்கல்கள் எதையும் வாடிக்கையாளர் முதல் நாளே உட்கார்ந்து சொல்லமாட்டார். கேட்டு வாங்க வேண்டும். கவுன்ட்டரில் உட்காரும் குமாஸ்தாவை மாணவன் ஒரு மணி நேரம் கவனித்துவிட்டு வந்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பழகிய சங்கதி. சொன்னதை மட்டும் மாற்றிவைத்தால் பிழை. சொல்ல வந்தது என்ன என்று தெரிந்தால்தான் சரியான வாக்கியம் அமையும்.

சோதனையிலும் அப்படியே. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியது. முந்தைய ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய சாஃப்ட்வேரை இதிலும் அப்படியே பொருத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தால் ஓர் எண், தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போயிற்று. எழுதிய வரி பழைய இடத்தில் சரி. புதிய இடத்தில் அது வெடிமருந்து.

எழுதித்தர ஆள் வந்தபின்

2022-ன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பாடத்துக்குப் புதிய நெருக்கடி. இருநூறு வரிப் புரோகிராமை நொடிகளில் எந்திரமே எழுதித்தருகிறது. இனி எதற்கு இந்தப் படிப்பு என்று பெற்றோர் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவரின் கவலை அது. அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் புரூக்ஸின் கணக்கைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரியும். எந்திரம் மலிவாக்கியிருப்பது முதலில் அந்த ஒரு பங்கைத்தான். மற்ற எட்டிலும் எந்திரம் உதவலாம். ஆனால் எதைக் கட்டுவது என்று முடிவு செய்வதும், கட்டியது சரிதானா என்று சோதிப்பதும், தவறானால் பொறுப்பேற்பதும் மனிதரிடமே இருக்கின்றன. ஜலோட் புத்தகத்தின் 2025 பதிப்பு செயற்கை அறிவையும், உலகம் பொதுவில் வைத்திருக்கும் திறந்த சாஃப்ட்வேரையும் பாடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. எந்திரம் எழுதியதையும், முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதையும் வாசித்துப் புரிந்துகொள்வது இனி அடிப்படைத் தகுதி.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. சூத்திரம் எழுதியவர் ஒருவர். நூற்றாண்டுகள் கழித்து அதை வாசித்து, ஐயம் எழுப்பி, உரை எழுதி, அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள் பலர். அந்தத் தொடர்ச்சியால்தான் நூல் பிழைத்தது.

இதை வகுப்பறையில் செய்ய அதிகச் செலவில்லை. சென்ற ஆண்டு மாணவர்கள் கட்டிய கால அட்டவணையை இந்த ஆண்டு மாணவர்கள் கையில் கொடுத்து, புதிதாக ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னால் போதும். முதல் வாரம் முழுவதும் முந்தைய அணியைத் திட்டுவார்கள். இரண்டாவது வாரம், தாங்கள் எழுதுவதையும் அடுத்த ஆண்டு ஒருவன் வாசிப்பான் என்று உறைக்கும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.