திக்லிபூரும் கணிப்பொறிக் கல்வியும்

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் அந்தமானில் தொடங்கிவைக்கப்பட்டது. அது தொட்ட இடங்களுள் ரங்கத் இருந்தது. நம் திக்லிபூர் இல்லை. போகட்டும்; வடம் வந்தாலே கல்வி வந்துவிடுமா?

கேரளம் 2001இல் பள்ளிகளில் இக்கல்வியைத் தொடங்கியபோது ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தது. மலையாளத்திலும் பாடநூல் தந்தது. தமிழ்நாட்டிலும் மேல்நிலை வகுப்புக்குக் கணினி அறிவியல் நூல் தமிழிலேயே உண்டு. நம் அரசுப் பள்ளிகள் சார்ந்துள்ள மத்திய வாரியத்தில் பதினோராம் வகுப்பில் இது விருப்பப் பாடம். மாணவன் விரும்பினால் போதாது. கற்பிக்க ஆள் வேண்டுமே! ஸ்ரீ விஜயபுரத்துக்கு அனுப்பலாமென்பர். விடுதிச் செலவை எந்தத் தோட்டம் தாங்கும்?

ஆசிரியர் பணியிடம் கோரி மனு எழுதியுள்ளோம். பெற்றோர் கையொப்பத்திற்காக அது சங்கத்தில் காத்திருக்கிறது.